பன்னிரண்டாம் குழிக்குப் பக்கத்து யன்னல்

ஹெதர்டனில் எனக்கு நிரந்தர வாடிக்கை மூன்று வீடு,
பெரிய கிளப்பின் பன்னிரண்டாம் குழிக்கு
முதுகு காட்டி நிற்பவை.
போட்டி நடக்கும் டிசெம்பர் வாரத்தில்
வானின் பக்கச் சட்டத்தில்
கண்ணாடி இரண்டு தாள் கூடுதலாகவே கட்டியிருப்பேன்.
அடுத்தவன் கை தவறக் காத்திருக்கும் தொழில்.
சொல்லக் கூச்சம்தான்.

இந்த முறை கிளெனிஸ் வீட்டுச் சமையலறை.
யன்னல் இருந்த இடத்தில் ஒரு சதுரம் வெயில்.
தொட்டிக்குள், ஈரக் கோப்பைகளுக்கு நடுவில்
முட்டை போல் கிடந்தது பந்து, தன் பாட்டில்.
அதில் பச்சை மையால் மூன்று புள்ளி:
யாரோ ஒரு தொழில்முறைக்காரன் இட்ட அடையாளம்.

"நான் வாங்கியபோது இந்த வீடு தூரத்தில் இருந்தது" என்றாள்.
வீடு நகரவில்லை.
அடிக்கும் மேடையைத்தான் பின்னுக்கு, இன்னும் பின்னுக்கு
இழுத்து இழுத்து வேலியோடு ஒட்டிவிட்டார்கள்.
பந்தோ ஒவ்வொரு முறையும் எட்டிப் பிடித்தது.
வேலிக்கு அங்கால் ரோடு.
ரோட்டுக்கு அங்கால் யாரோ கோவா நட்டிருக்கிறார்கள்.
அதையும் விலைக்குக் கேட்கலாமென்று
கமிட்டியில் ஒரு கதை.

செவ்வாயில் நாங்கள் நால்வர்,
மாநகரசபை மைதானம், பதினெட்டு டாலர்.
ஆட்டம் முடிந்து உருளைக்கிழங்குப் பொரியலுக்கு முன்னால்
ஸ்தாவ்ரோஸ் தொடங்கினான்:
"அவங்களுக்கு வேற பந்து குடு, பறக்காத பந்து.
எங்களை விடு. என் முதுகுக்கு
இந்த நூற்றறுபது மீற்றரே கடவுள் போட்ட பிச்சை."

மரியதாஸ் கோப்பையை வைத்தான்.
"கார் ரேசுக்காரன் காரை எனக்குத் தருவானா?
கிரிக்கெட் திடலுக்குள் காலடி வைத்தால் காவலாளி வருவான்.
இது ஒன்றில்தான்
அவன் அடிக்கிற பந்தை நானும் கடையில் வாங்கலாம்,
அவன் குழியின் அகலமே என் குழியின் அகலம்.
ஒரே பந்தி இது.
இதிலுமா வஞ்சகம்?"

"குறைத்தால் எல்லோருக்கும் குறை" என்றான் வாகீசன்,
போன மாதம்தான்
தொள்ளாயிரம் டாலருக்குப் புது டிரைவர் வாங்கியவன்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

என்னைப் பார்த்தார்கள்.
என் தொழிலில் சட்டம் இரண்டு, சொல்லியிருக்கலாம்:
குளிக்கும் அறைக்கு ஒரு கண்ணாடி,
படங்கள் தொங்கும் அறைக்கு இன்னொன்று.
ஈரக்கால் வழுக்கும் இடத்தில்
நொறுங்கினாலும் கீறாததைப் போடவேண்டும்.
அதைப் பந்தி வஞ்சகம் என்று
இதுவரை எந்தப் படுக்கையறையும் முறையிட்டதில்லை.
ஆபத்து எங்கே அதிகமோ அங்கே விதி இறுகும், அவ்வளவுதான்.

வாய்வரை வந்தது.
அப்போது பார்த்துக் கிளெனிஸ் வீட்டு பில்
சட்டைப்பையில் சரசரத்தது.
பறக்காத பந்து வந்தால்
டிசெம்பரில் எனக்கு என்ன வேலை?
"யோசிக்க வேணும்" என்று சொல்லி
ஒரு பொரியலை உப்பில் தோய்த்தேன்.
நியாயத்தை விடச் சுலபமாக இறங்கியது.

அடுத்த செவ்வாய்,
வடகாற்று, நாலாம் குழி.
நடுவில் குளம்; கடக்க நூற்றைம்பது.
அந்தப் பந்தை எடுத்தேன்.
சவர்க்காரம் போட்டுக் கழுவியும் பச்சைப் புள்ளி போகவில்லை.
அடித்தேன்.
இவ்வளவு சுத்தமான சத்தம்
என் கையிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.
வாத்துகள் கழுத்தைத் திருப்பின.
ஒரு கணம், யாரோ பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய ஆள் நான்.
பிறகு நூற்று நாற்பதில்
பந்துக்கு என் தோள்பட்டை ஞாபகம் வந்தது.

குளம் உடைந்தது, தானே பொருந்திக்கொண்டது.
கீறல் இல்லை. பில் இல்லை.

"அவன்ட பந்துதானே?" என்றான் மரியதாஸ்.
"ஓம், அவன்டதேதான்."
பென்சிலை நாக்கில் நனைத்து
தண்டம் ஒன்று எழுதினான்.
"அவனுக்கும் இதே ஒன்றுதான்" என்றான்,
ஏதோ எனக்குப் பரிசு தருபவன் போல.